விருந்தும் வயலும் தொட்டிலும்

ஆவணி பிறந்துவிட்டால் காவிரிப் படுகையில் ஓய்வு என்பது அரிதாகிவிடும். சம்பா நடவுக்கு நாற்றுப் பறிப்போரும், சேற்றில் நின்று நடுவோரும் பொழுது புலரும் முன்பே வயலுக்குச் சென்றுவிடுவர். அவ்வேலையில் ஈடுபடுவோரில் பெரும்பாலோர் பெண்கள். ஆடி மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட திருமணங்கள் தொடங்குவதும் அதே ஆவணியில்தான். நடவுக்கு நாள் தப்பக்கூடாது. முகூர்த்தத்துக்கும் நாள் தப்பக்கூடாது. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கோ நாழிகையும் தப்பக்கூடாது. இம்மூன்று கடமைகளும் ஒரே பெண்ணின் தோளில் ஏறும்பொழுது அவள் என் செய்வாள் என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

இது வீட்டுக்குள் முடிந்துவிடும் சிறு செய்தி என்று சிலர் கருதக்கூடும். கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, குடிநீர், விதை, உரம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அச்சாலையில் நடப்பவளும், அக்குடிநீரைச் சுமப்பவளும், அவ்விதையின் நாற்றை நடுபவளும் தாய்தான். அவள் உடல் தளர்ந்தால் குடும்பத்தின் வருவாய் தளரும். குழந்தையின் எடை குறையும். ஆதலின் ஒரு தாயின் அன்றாட நாள் எப்படிக் கழிகிறது என்பதும் கிராம முன்னேற்றத்தைச் சார்ந்த கேள்வியே ஆகும்.

ஒரே பாட்டி, இரண்டு தொட்டில்கள்

விளக்கத்தின் பொருட்டு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, கணவனின் தாய், நான்கு வயதுப் பெண் குழந்தை, எட்டு மாத ஆண் குழந்தை ஆகிய ஐவர் அவ்வீட்டில் உள்ளனர். கணவன் டிராக்டர் ஓட்டுகிறார். மனைவி நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்கிறாள். அவள் வயலுக்குச் செல்லும் நேரத்தில் மாமியார் பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். இந்த ஏற்பாடு ஆடி மாதம் முடியும் வரையில் செவ்வையாக நடந்து வருகிறது.

ஆவணியில் கணவனின் தங்கை தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். முதற் குழந்தையைத் தாய்வீட்டில் பெற்றெடுப்பது நம் மரபு. அவள் வருவதில் வீட்டார் அனைவருக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் அன்று முதல் அவ்வீட்டில் தொட்டில் இரண்டு, பாட்டியோ ஒருவர். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சமையல் செய்தல், வெந்நீர் காய்ச்சுதல், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுதல் ஆகியவற்றிலேயே அவருடைய பொழுது கழிந்துவிடும். எட்டு மாதக் குழந்தையோ தவழத் தொடங்கியிருக்கும். கையில் கிடைத்ததை வாயில் வைக்கும். கண் இமைக்காமல் காக்கவேண்டிய பருவம் அது. இவற்றோடு, பிறந்த குழந்தையைப் பார்க்க உறவினர் வருகின்றனர். இன்று சம்பந்தி வீட்டார், நாளை பெரிய மாமன் குடும்பம், மறுநாள் அத்தை வீட்டார். வந்தவருக்கு இலை போடாமல் அனுப்ப இயலுமா? சமைப்பது யார்? வயலுக்குச் செல்லவேண்டிய மருமகளே சமைக்கிறாள்.

இங்கே குற்றம் செய்தவர் எவரும் இல்லை. நாத்தனார் தாய்வீடு வந்தது முறை. மாமியார் மகளைக் கவனிப்பது கடமை. உறவினர் வந்து வாழ்த்துவது அன்பு. மருமகள் கூலியை இழக்க விரும்பாதது தேவை. எல்லாரும் சரியாகவே நடந்துகொள்கின்றனர். ஆயினும் ஒருத்தி மட்டும் இளைத்துப் போகிறாள். ஒருவரைக் குறை கூறுவதால் இந்தச் சிக்கல் தீராது. வேலையைப் பகிரும் முறையை மாற்றினால்தான் தீரும்.

நாளின் கணக்கு

அத்தகைய தாயின் ஒரு நாளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டிச் சோறும் குழம்பும் ஆக்கிவிட்டு, குழந்தைக்குப் பாலூட்டி, 6 மணிக்கு வயலில் இறங்குகிறாள். குனிந்த முதுகு நிமிராமல் நட்டு, பிற்பகல் வீடு திரும்புகிறாள். திரும்பியவுடன் குழந்தை, துணி, பாத்திரம், இரவுச் சமையல் எல்லாம் அவளுக்காகக் காத்திருக்கின்றன. இரவில் குழந்தை இருமுறை விழித்தால் அவளும் இருமுறை விழிக்கிறாள். கூலி கிடைப்பது வயலில் நின்ற நேரத்துக்கு மட்டுமே.

இந்த நிலை ஓரிரு வீடுகளுக்கு மட்டும் உரியதன்று. மைய அரசின் புள்ளியியல் துறை 2019-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. கூலியில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக அதில் தெரியவந்தது. 2024-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இவ்வெண்கள் முறையே 289, 88 என்று இருந்தன. இரண்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். ஐந்தாண்டுகளில் பெண்களின் வீட்டு வேலை 10 நிமிடம் குறைந்தது. ஆண்களுடையதும் 9 நிமிடம் குறைந்தது. இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு முன்பு 202 நிமிடம். பின்பு 201 நிமிடம். எரிவாயு அடுப்பும் மாவரைக்கும் இயந்திரமும் வீட்டு வேலையை எளிதாக்கின என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனைப் பகிர்ந்துகொள்ளும் முறையில் மாற்றம் ஏதும் ஏற்படவில்லை.

குழந்தைகளையும் முதியோரையும் பேணும் பணி இதற்குப் புறம்பானது. 2024-ஆம் ஆண்டில் அப்பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 137 நிமிடங்களும் ஆண்கள் 75 நிமிடங்களும் செலவிட்டனர். விருந்தினர் வரும் நாளில் இக்கணக்கு எவ்வளவு உயரும் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் தம் அனுபவத்தால் அறிவர்.

சட்டத்தின் நிழல் எதுவரை?

பணிபுரியும் தாய்க்கு ஓய்வு தேவை என்பதை நம் நாட்டுச் சட்டம் முன்னரே ஏற்றுக்கொண்டது. 1961-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 12 வார விடுமுறையை அளித்தது. 2017-ஆம் ஆண்டின் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு இதனை 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்றும் விதித்தது. பின்னர் 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே 26 வாரத்தை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் உள்ள மகளிருக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுமுறை 12 மாதமாக உயர்த்தப்பட்டது.

வயலில் நடுபவளுக்கு இவை எவ்வாறு பயன்படும்? அவளுக்கு நிலையான நிறுவனம் இல்லை. வருகைப் பதிவேடு இல்லை. ஆகவே விடுமுறையும் இல்லை. வேலைக்குச் செல்லாத நாள் கூலியில்லாத நாள். இக்குறையை ஓரளவு ஈடுசெய்வதற்காகவே தமிழ்நாட்டில் 1987-ஆம் ஆண்டு முதல் ஏழைத் தாய்மார்களுக்கு மகப்பேறு நிதியுதவி வழங்கப்பட்டு வருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரைத் தாங்கிய இத்திட்டத்தின் உதவி 2018-ஆம் ஆண்டில் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதில் 4,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் அடங்கும். கருவுற்றதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்வது இவ்வுதவியைப் பெறுவதற்கு முதற்படி. இத்தொகை வரும்பொழுது அதனை வீட்டுக் கடனுக்கோ சீர்வரிசைக்கோ செலவிட்டுவிடாமல், தாய் சில வாரங்களேனும் வேலைக்குச் செல்லாமல் ஓய்வு பெறுவதற்குப் பயன்படுத்துதல் நலம். இவ்வுதவியின் நோக்கமே அதுதான்.

குழந்தைகளின் பொறுப்பை ஊர் ஏற்றுக்கொள்ளும் முயற்சியும் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய சமூக நலத் திட்டத்தின் காலத்தில் கிராம சேவிகைகளும் மாதர் சங்கங்களும் இப்பணியில் ஈடுபட்டனர். அக்காலத்துப் 'பால்வாடி' என்ற சொல் இன்றும் நம் ஊர்களில் வழங்குகிறது. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. இரண்டு வயது நிறைந்த குழந்தைகள் அங்கு விளையாடி, கற்று, உண்டு வருகின்றனர். ஆறு மாதம் நிறைந்த சிறு குழந்தைகளுக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சத்துமாவு வழங்கப்படுகிறது. பள்ளி செல்லும் குழந்தைகளுக்கு மதிய உணவு நெடுங்காலமாக உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்து, பல தாய்மார்களின் விடியற்காலைச் சுமையைக் குறைத்தது.

இவற்றையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தால், நடுவில் ஒரு காலம் நிழலின்றிக் கிடப்பது தெரியும். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலின் காலம். எப்பாடு பட்டேனும் தாய் அருகில் இருக்க முயல்கிறாள். இரண்டு வயதுக்குமேல் அங்கன்வாடி உண்டு. ஆறாம் மாதத்துக்கும் இரண்டாம் வயதுக்கும் இடைப்பட்ட பதினெட்டு மாதங்களில் குழந்தைக்குப் பாட்டியே துணை. பாட்டி இல்லாத வீட்டிலும், பாட்டிக்கு வேறு கடமை வந்துவிட்ட வீட்டிலும் என்ன செய்வது? நாம் மேலே கூறிய குடும்பத்தின் சிக்கல் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

உறவும் பருவமும்

இச்சிக்கலுக்குத் தீர்வு உறவினரை ஒதுக்கிவிடுவதன்று. நம் ஊர்களில் உறவே காப்பீடு, உறவே வங்கி, நோய் வந்தால் உறவே துணை. கைக்குழந்தையுடன் தனித்துக் கிடக்கும் தாய்க்கு மனச்சோர்வு ஏற்படுவதும் உண்டு. பிறந்த வீட்டுக்கு ஒருமுறை சென்று வந்தால் அது தெளிவதையும் காண்கிறோம். ஆகவே போக்குவரத்து இருக்கவேண்டும். ஆனால் அது காலம் அறிந்து அமைதல் வேண்டும்.

நம் முன்னோர் இதனை அறியாதவர்கள் அல்லர். அறுவடை முடிந்து கையில் நெல்லும் பணமும் உள்ள தை, மாசி, பங்குனி மாதங்களில்தான் பெரும்பாலான ஊர்த் திருவிழாக்களும் உறவினர் கூட்டங்களும் அமைந்தன. 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்ற பழமொழியின் பின்னணியும் அதுவே. விருந்துக்கும் அவர்கள் அளவு வகுத்தனர். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்ற முதுமொழி விருந்தினரை இழிப்பதற்காக எழுந்ததன்று. வந்தவர் மனமும் நோகாமல், வைத்தவர் உடலும் நோகாமல் இருப்பதற்காக எழுந்தது.

இந்தப் பழைய அறிவை இன்றைய நிலைக்கேற்பப் பயன்படுத்துவது எளிது. கைக்குழந்தை உள்ள வீட்டுக்குச் செல்வோர் முன்னரே தொலைபேசியில் சொல்லிவிட்டுச் செல்லலாம். நடவு, அறுவடை நாட்களைத் தவிர்த்து, வேலை ஓய்ந்த நாளைத் தேர்ந்தெடுக்கலாம். பச்சைக் குழந்தையைப் பார்க்க வருவோர் உண்டு செல்லும் விருந்தினராக வராமல், சமைத்து எடுத்துவரும் உறவினராக வரலாம். ஒரு தூக்குப் பாத்திரத்தில் குழம்பு கொண்டுவந்து, தாய்க்குப் பரிமாறி, பாத்திரத்தைத் துலக்கி வைத்துவிட்டுச் செல்லும் அத்தை, தங்க மோதிரம் போடும் மாமனுக்குச் சற்றும் குறைந்தவர் அல்லர்.

குழந்தையுடன் ஊர் செல்லும்பொழுது

தாயே உறவினர் வீட்டுக்குச் செல்லும் நாளில் கவனிக்கத்தக்கவை சில உண்டு. ஆறு மாதம் வரையில் குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் தேவையில்லை. பயணத்திலும் விருந்து வீட்டிலும் இதனை மாற்றவேண்டியதில்லை. பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டுவதற்கெனத் தனி அறைகளை 2015-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு திறந்தது. நம் தாய்மார்கள் கூச்சமின்றி இவ்வறைகளைப் பயன்படுத்துதல் வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் மகளிர்க்குக் கட்டணமில்லை. ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லை என்று 2022-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அருகிலுள்ள தாய்வீட்டுக்குக் காலையில் சென்று மாலையில் திரும்புவது இதனால் பலருக்கு எளிதாயிற்று.

ஆறு மாதம் கடந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு, மசித்த சோறு, பருப்பு, கீரை, முட்டை, பழம், சத்துமாவுக் கஞ்சி ஆகியவற்றைத் தரவேண்டும். திருமண வீட்டில் பெரியவர்க்குச் சமைத்த காரமான உணவும், நெடுநேரம் ஆறிக் கிடந்த உணவும் குழந்தைக்கு ஆகா. வீட்டிலிருந்தே சத்துமாவும், கொதிக்க வைத்து ஆறிய நீரும் எடுத்துச் செல்லுதல் நலம். பாற்புட்டியைவிடக் கிண்ணமும் கரண்டியும் மேல். அவற்றைக் கழுவுவது எளிது. தாய்ப்பாலைப் பீய்ச்சி வைத்துப் புகட்டுவதற்கு நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடையைக் காட்டிலும் சிறந்த கருவி வேறில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலும் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

தடுப்பூசி நாளை விருந்துக்காகத் தள்ளிப்போடுதல் ஆகாது. பிறந்தவுடன் போடுவன, 6, 10, 14 வாரங்களில் போடுவன, 9 மாதம் நிறைந்ததும் போடப்படும் தட்டம்மை - ருபெல்லா ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் ஊக்க ஊசிகள் என ஒவ்வொன்றுக்கும் காலம் உண்டு. நம் மாநிலத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். தாய்வீட்டில் தங்கியிருக்கும்பொழுது அந்நாள் வந்தால், தாய் சேய் நல அட்டையுடன் அவ்வூர்த் துணைச் சுகாதார நிலையத்துக்குச் சென்று போட்டுக்கொள்ளலாம். ஆகவே ஊர் செல்லும் பையில் முதலில் வைக்கவேண்டியது அந்த அட்டையே.

விருந்து வீடுகளில் குழந்தைக்கு அதிகமாக வரும் நோய் வயிற்றுப்போக்கு. உடனே உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் அச்சிட்டுள்ள அளவு நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரையை 14 நாட்கள் தருதல் வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராமும் அளவாகும். இவை அரசுச் சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. குழந்தை சோர்ந்து கண் குழிந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

அன்பின் பெயரால் செய்யும் தவறுகள்

பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரை நீரோ தேனோ தொட்டு வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. சில மாவட்டங்களில் இதனைச் 'சேனை' வைத்தல் என்பர். குடும்பத்தில் நல்ல குணமுடைய மூத்தவர் ஒருவரைக் கொண்டு இதனைச் செய்வர். இதன் நோக்கம் வாழ்த்துவதே. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுத்தல் ஆகாது. அதிலிருக்கக்கூடிய நுண்கிருமி குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளரச் செய்யும். பிறந்தவுடன் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுவதும் அவ்வாறே பிழை. குழந்தைக்கு இயற்கை அளிக்கும் முதல் தடுப்பு மருந்து அது. சளியும் இருமலும் உள்ளவர் குழந்தையை முத்தமிடுவதையும் தவிர்த்தல் நலம்.

இவற்றை உறவினரிடம் எவ்வாறு சொல்வது? இளந்தாய்க்கு இது பெரும் சங்கடம். மருமகள் சொன்னால் மரியாதைக் குறைவாகத் தோன்றும். ஆகவே இதனை மாமியாரோ கணவனோ சொல்லவேண்டும். "டாக்டர் அம்மா கொடுக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் அத்தை, நீங்கள் திருநீறு பூசி வாழ்த்துங்கள், அதுவே போதும்" என்று கணவன் சொன்னால் அத்தையின் மனமும் நோகாது, குழந்தையும் காக்கப்படும். சேனை வைக்கும் பெரியவர்க்குரிய பெருமையை அவருக்கே விட்டுவிட்டு, தேனை மட்டும் விலக்கிவிடலாம்.

'பால் போதவில்லை போலும், பிள்ளை இளைத்திருக்கிறானே' என்பது விருந்தினர் எளிதாகச் சொல்லிவிடும் மற்றொரு சொல். வேலைக்குச் செல்லும் தாயின் நெஞ்சில் அது முள்ளாகத் தைக்கிறது; அன்று மாலையே வீட்டில் மாவுப்பால் டப்பா நுழைகிறது. குழந்தை இளைத்ததா இல்லையா என்பதைத் தராசும் அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோடும் சொல்லவேண்டும். அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்த்துக் குறித்துவந்தால் அக்கேள்விக்கு அட்டையே விடை கூறிவிடும்.

அக்குடும்பம் என் செய்யலாம்?

நாம் தொடக்கத்தில் கண்ட குடும்பத்துக்கு மீண்டும் வருவோம். ஆவணி பிறக்கும் முன்பே அவர்கள் ஒரு மாலைப் பொழுதில் ஒன்றாக அமர்ந்து பேசிவிடுதல் முதல் தேவை. நான்கு வயதுப் பெண்ணை அங்கன்வாடிக்கு அழைத்துச் சென்று விடுவதும் அழைத்து வருவதும் தந்தையின் பொறுப்பு ஆகலாம். தண்ணீர் பிடிப்பதும், காய் நறுக்குவதும், இரவில் பாத்திரம் துலக்குவதும் ஆண்மைக்குக் குறைவு தருவன அல்ல. அவர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வீட்டு வேலையை ஏற்றுக்கொண்டால், அவளுக்கு ஒரு மணி நேர உறக்கம் மிஞ்சும்.

வயலில் வேலை செய்யும் தாய்க்கு முற்பகலில் ஒருமுறை பாலூட்டும் இடைவேளை வேண்டும். நடவுக் குழுவினர் ஒத்துக்கொண்டால் இது இயலும், அவர்களும் தாய்மார்களே. குழந்தையை வரப்புக்கு எடுத்து வந்தால் பூச்சிமருந்து தெளித்த வயலின் அருகில் வைக்கலாகாது. கைகளையும் மார்பையும் நன்கு கழுவிய பின்பே பாலூட்டவேண்டும். வீட்டிலேயே பால் பீய்ச்சி வைத்துச் சென்றால், மூடிய தூய பாத்திரத்தில் நிழலான குளிர்ந்த இடத்தில் வைத்து, நான்கு மணி நேரத்துக்குள் புகட்டிவிடுதல் வேண்டும். அடுப்பில் வைத்துச் சூடாக்குதல் கூடாது.

பேறுகாலம் முடிந்த முதல் இரண்டு வாரங்களில் மாமியாருக்கு ஓய்வு இராது. அந்நாட்களில் எட்டு மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, சின்ன மாமியாரையோ தாய்வீட்டுச் சித்தியையோ அழைத்துக்கொள்ளலாம். விருந்தினர் வருகையைப் பெயர் சூட்டும் நாளுக்கு ஒன்றாகச் சேர்த்துவிட்டால் பத்து நாள் சமையல் ஒரு நாள் சமையலாகும். இவ்வளவு செய்தும் அவள் நான்கைந்து நாள் கூலியை இழக்க நேரலாம். அதனையும் முன்னரே கணக்கிட்டு, அந்நாட்களை அவளுடைய ஓய்வு நாட்களாக வைத்துக்கொள்வதே அறிவுடைமை. ஒரு மாதத்துக்குப்பின் நாத்தனார் உடல் தேறியதும், அண்ணி வயலுக்குச் செல்லும் நேரத்தில் இரண்டு குழந்தைகளையும் பாட்டியோடு சேர்ந்து அவளும் பார்த்துக்கொள்வாள். இரண்டு தொட்டில்களை இரண்டு பெண்கள் ஆட்டும்பொழுது முன்பிருந்த பாரம் இராது.

ஊர் என் செய்யலாம்?

உறவுத் துணை இல்லாத குடும்பங்களுக்கு ஊரே துணையாதல் வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. வேலைத் தலத்துக்கு ஐந்தும் அதற்கு மேலும் சிறு குழந்தைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து, அவளுக்கும் கூலி தரவேண்டும் என்று அது கூறியது. குழந்தை பார்ப்பதும் வேலையே, அதற்கும் கூலி உண்டு என்னும் கொள்கையைச் சட்டமே ஒப்புக்கொண்டது இதன் சிறப்பு.

இக்கொள்கையை நடவு வயலிலும் பின்பற்ற இயலும். 1989-ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று மாநிலம் எங்கும் பரவியுள்ளன. ஒரு குழுவில் கைக்குழந்தை உள்ள தாய்மார் ஐவர் இருந்தால், நாளுக்கொருவர் முறைவைத்து ஐந்து குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளலாம். அல்லது மூத்த பெண்மணி ஒருவரை அமர்த்தி, ஐவரும் பங்கிட்டுக் கூலி தரலாம். மைய அரசின் 'பால்னா' திட்டம் 2022 முதல், ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கும் இடம் தரும் காப்பகத்தோடு கூடிய அங்கன்வாடிகளுக்கு வழிசெய்துள்ளது. அத்தகைய மையம் தம் ஊருக்கு வேண்டும் என்று கேட்பதற்குரிய இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட்ட வகை செய்யப்பட்டது. அவற்றுள் ஒன்று ஆகஸ்டு 15. ஆவணி பிறப்பதற்கு ஓரிரு நாட்களே முந்தியது.

அன்றைய கூட்டத்தில் சாலையையும் குடிநீரையும் பற்றிப் பேசி முடித்தபின், தாய்மார் எழுந்து ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்பதே நம் விருப்பம். 'இவ்வாண்டு சம்பா நடவின்பொழுது நம் ஊரில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள்?' இக்கேள்விக்கு விடை காண்பது மிகுந்த பணச் செலவு பிடிப்பதன்று. அவ்விடையை அறிந்த பின் வயலில் இறங்கும் தாய், நாற்று முடியைக் கையில் எடுக்கும்பொழுது, வீட்டுத் திசையை நோக்கித் திரும்பித் திரும்பிப் பார்க்கமாட்டாள்.